கண்ணாடிக் கதவில் செவ்வாய்க் கல்: கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்லடியில் சின்னதாக ஒரு கொம்யூனிக்கேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, லெமினேட்டிங், ரீலோட், டைப்பிங். 2021 பெப்ரவரியில் செவ்வாய்க் கிரகத்தில் ஒரு ரோவர் இறங்கிய கிழமை, ஆசைக்கு ஒரு படம் பிரிண்ட் எடுத்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டினேன். அது பழக்கமாகி, இப்போது கிழமைக்கு ஒரு கல் மாறுகிறது. கொப்பி வெளியே வரும் வரைக்கும் சும்மா நிற்கிறவர்கள் படத்தைப் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்ததால் எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். நான் விஞ்ஞானி இல்லை. உயர்தரத்தில் கணிதப் பிரிவு, மற்றதெல்லாம் கடை பூட்டின பிறகு வாசித்தது.

"அண்ணன், ரோவர் எண்டா ரொக்கட்டா?"

இல்லை. ரொக்கட் கொண்டுபோய் விடும். ரோவர் என்பது அங்கே இறங்கி நிலத்தில் ஊர்ந்து திரியும் வண்டி. ஆறு சில்லு, ஒரு நீளமான கை, கழுத்து மாதிரி ஒரு கம்பம், அதன் உச்சியில் கமராக்கள். உள்ளே ஆள் கிடையாது. என் கதவில் அதிகம் வருவது நாசாவின் பெர்சிவரன்ஸ். எடை 1,025 கிலோ, ஒரு சின்னக் கார் அளவு.

2020 ஜூலை 30 புறப்பட்டு, 2021 பெப்ரவரி 18 இறங்கியது. நமக்கு அது 19ஆம் திகதி விடியப்புறம் 2.25 மணி. போனைப் பிடித்துக்கொண்டு முழித்திருந்தேன். "இறங்கிவிட்டது" என்ற செய்தி வந்தபோது, உண்மையில் அது இறங்கி 11 நிமிடம் ஆகியிருந்தது. ஏன் என்று கீழே ரிமோட் கேள்வியில் வரும்.

"ஒண்டுதான் ஓடுதா?"

இரண்டு. மற்றது கியூரியோசிட்டி. அது 2012 ஆகஸ்ட் 6 முதல் கேல் என்ற பள்ளத்தில் நிற்கிறது, நடுவில் உள்ள ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயர மலையில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிட்டும் ஒப்பர்சூனிட்டியும் 2004இல் இறங்கி, தங்கள் காலம் முடிந்து நின்றுவிட்டன. சீனாவின் சூரொங் 2021இல் இறங்கியது; 2022 மே மாதம் குளிர்காலத் தூக்கத்துக்குப் போனது எழும்பவில்லை.

"அது நிக்கிற இடத்துட பேர் வாயில வருதில்ல. என்ன அது?"

ஜெசெரோ. பொஸ்னியாவில் இருக்கிற ஒரு சின்ன ஊரின் பெயர். அந்தப் பக்கத்து மொழிகள் பலவற்றில் அந்தச் சொல்லுக்கு ஏரி என்று அர்த்தம். நாம் வாவி என்போம். விண்கல் விழுந்து உண்டான 45 கிலோமீற்றர் அகலப் பள்ளம் அது. 350 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஆறு வந்து விழுந்து வாவியாக நிறைந்திருந்தது. மட்டக்களப்புக்காரருக்கு ஞாபகம் வைக்க இதைவிட லேசான பெயர் கிடைக்காது.

"ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. அத எப்பிடி வாவி எண்டு சொல்றாங்க?"

மாரி வெள்ளம் வடிந்த பிறகு நம் வாவியில் ஆறோ வாய்க்காலோ வந்து சேரும் வாயில் போய்ப் பாருங்கள். வாய்க்குக் கிட்ட மணல், கொஞ்சம் உள்ளே போனால் பொடி மணல், இன்னும் உள்ளே காலை வைத்தால் முழங்கால் வரை சேறு. ஓட்டம் குறையக் குறையக் கனமானது முதலில் விழும், லேசானது தூரம் போய்ப் படியும். வருடா வருடம் இது ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, விசிறி விரித்த மாதிரி ஒரு மேடு உண்டாகும். அதைத்தான் கழிமுகம் என்கிறோம். ஜெசெரோவின் மேற்குக் கரையில் இந்த விசிறி, மேலே சுற்றும் செய்மதிகளின் படங்களிலேயே தெளிவாகத் தெரிகிறது. தண்ணீர் உள்ளே வந்த தடமும் வெளியே போன தடமும் தெரிகின்றன.

ரோவர் போய்ப் பக்கவாட்டில் பார்த்தபோது, கொடியாக் என்று பெயர் வைத்த ஒரு தனி மேட்டில் சாய்வாகப் படிந்த அடுக்குகள் இருந்தன. கழிமுகம் வாவிக்குள் முன்னேறும்போது அப்படித்தான் படியும். கழிமுகத்தின் மேல் அடுக்குகளில் பெரிய உருண்டைக் கற்கள் கிடந்தன. சேற்றுக்குள் அந்த அளவு கல் வர வேண்டுமென்றால் பெருவெள்ளம் வந்திருக்க வேண்டும். நமக்கு வெள்ளத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஒரு வேடிக்கையும் உண்டு. வாவியின் அடியில் சேற்றுப் பாறை கிடைக்கும் என்ற எண்ணத்தோடு போனவர்களுக்கு, இறங்கிய தரையில் கிடைத்தது எரிமலைக் குழம்பு இறுகிய தீப்பாறை. முதலில் ஏமாற்றம்தான். ஆனால் பாறையின் வயதைக் கணக்குப் பார்க்கத் தீப்பாறைதான் தோது, அதனால் அதுவும் நல்லதாகப் போயிற்று.

"ரிமோட்டாலயா ஓட்டுறாங்க? கேம் மாதிரி?"

அப்படி ஓட்டினால் முதல் நாளே கவிழ்த்திருப்பார்கள். பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு கட்டளை போய்ச் சேர, தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் ஆகும். "முன்னால் பள்ளம்" என்று அது சொல்லி, "நிறுத்து" என்று நாம் சொல்லி, அது போய்ச் சேருமுன் வண்டி பள்ளத்துக்குள் கிடக்கும்.

அதனால் ஒரு நாளைக்குரிய வேலையை மொத்தமாக எழுதி அனுப்புகிறார்கள்: இத்தனை மீற்றர் போ, இந்தக் கல்லுக்கு முன்னால் நில், படம் எடு, படுத்துக்கொள். அது செய்து முடித்துவிட்டு, செவ்வாயைச் சுற்றும் செய்மதிகள் தலைக்கு மேல் வரும்போது அவற்றிடம் கொடுத்துவிடும். வழியில் கல் கிடந்தால் விலகிப் போக அதற்கே தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை சூரியன் நடுவில் வந்து மறைக்கும். அந்த இரண்டு கிழமை அளவு கட்டளையே அனுப்புவதில்லை. கதவில் பழைய படம் கிடந்தால் என்னைத் திட்ட வேண்டாம்.

"ஆமையை விட மெதுவாமே?"

மட்டமான தரையில் முழு வேகம் மணிக்கு ஏறத்தாழ 150 மீற்றர். 2025 முடிவில், கிட்டத்தட்ட ஐந்து வருடத்தில், 40 கிலோமீற்றர் அளவு ஓடியிருந்தது. இங்கிருந்து கல்முனைக்குப் போகிற தூரம்தான். பஸ்ஸில் போகிற நாம் வழியில் ஒரு கல்லையாவது பார்த்ததுண்டா? அது பார்க்கத்தான் போயிருக்கிறது.

"கரண்ட் எங்கால எடுக்குது? சோலாரா?"

இது சோலார் இல்லை. பின்பக்கம் ஒரு பெட்டியில் 4.8 கிலோ புளூட்டோனியம் ஒட்சைட்டு இருக்கிறது. அது தானாகச் சிதையும்போது வரும் வெப்பத்தை மின்சாரமாக்குகிறார்கள். தொடக்கத்தில் 110 வாற்று. ஒரு சீலிங் ஃபேனும் ஒரு குண்டு பல்பும் போட்டால் முடிந்துவிடும். அதை பற்றரியில் சேர்த்து வைத்துத்தான் பெரிய வேலைகள் செய்கிறது. சோலார் வைத்திருந்த ஒப்பர்சூனிட்டி 2018இல் தூசிப் புயலில் அடங்கிப் போனது.

"கல்லுக்குக் கிட்டப் போய் அப்பிடி என்னதான் செய்யுது? போட்டோ மட்டும்தானா?"

இந்தக் கேள்விக்கு நான் கொப்பி மெஷினை நிறுத்திவிட்டே பதில் சொல்வேன்.

முதலில் தள்ளி நின்று பார்க்கும். கம்பத்தின் உச்சியிலிருந்து ஏழு மீற்றர் தூரம் வரை லேசரால் கல்லைச் சுடலாம். பட்ட இடம் ஊசிமுனை அளவு. அந்தப் புள்ளி ஏறத்தாழ 10,000 பாகை வரை சூடேறி ஆவியாகிப் பளிச்சென்று மின்னும். அந்த ஒளியின் நிறங்களைப் பிரித்துப் பார்த்தால் கல்லில் என்ன மூலகம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பக்கத்தில் ஒரு மைக் உண்டு. ஒவ்வொரு சூட்டுக்கும் "டிக்" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை வைத்து கல் இறுக்கமா, உதிரியா என்று கணிக்கிறார்கள். நம் வாவியில் பாடும் மீனைக் கேட்க, தோணியில் துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மற்ற நுனியைக் காதில் வைப்பார்களே, அதை நினைத்துக்கொள்வேன்.

கல் பிடித்துப் போனால் கிட்டப் போகும். வெளித்தோலில் தூசியும் துருவும் இருக்கும், அதை நம்ப முடியாது. கையை நீட்டி, 5 சென்ரிமீற்றர் அகலத்துக்கு வட்டமாகத் தேய்த்துத் தோலை எடுக்கும். பிறகு நைதரசன் வாயுவை "உஸ்" என்று ஊதித் தூளைத் தள்ளும். படங்களில் கல்லின் மேல் வட்டமாக, வழுவழுப்பாகத் தெரிவது அதுதான். நிறைய பேர் "யாரோ காசு வைத்து அழுத்தின மாதிரி" என்பார்கள். அந்த வட்டத்துக்குள் எக்ஸ்ரே கருவி ஒன்று, அரை மில்லிமீற்றரிலும் சின்னப் புள்ளி புள்ளியாக, இரவு முழுக்க அசையாமல் வாசிக்கும். இன்னொரு கருவி புற ஊதா லேசர் அடித்து, காபன் அடங்கிய சேதனப் பொருள் இருக்கிறதா என்று தேடும்.

கடைசியாகத்தான் துளை. வெளியே வருவது ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் நீளம், 13 மில்லிமீற்றர் தடிப்பு. பள்ளிக்கூடச் சோக்குக்கட்டி அளவு. அதை ஒரு உலோகக் குழாய்க்குள் போட்டு மூடிச் சீல் வைத்துவிடும். மொத்தம் 43 குழாய். கியூரியோசிட்டி அப்படி இல்லை. அது கல்லைத் தூளாக்கித் தன் வயிற்றுக்குள்ளேயே அடுப்பில் சுட்டுப் பார்க்கும்.

இதில் எல்லோரும் விட்டுவிடுகிற ஒரு விஷயம், கல் கிடந்த இடம். தரையோடு ஒட்டிய பாறையா, வேறெங்கிருந்தோ உருண்டு வந்ததா, எந்த அடுக்குக்கு மேலே, எதற்குக் கீழே என்பதெல்லாம் துளை போடுமுன் படம் படமாக எடுத்து வைக்கிறார்கள். கல்லுக்கு அதுதான் முகவரி. முகவரி இல்லாத கல் அழகாக இருக்கும், ஆனால் அதனிடம் பாதிக் கதைதான் இருக்கும். இந்த முகவரி விஷயம் கீழேயும் வரும்.

"துளை போட்டா எப்பவும் கல்லு வருமா?"

முதல் தடவையே வரவில்லை. 2021 ஆகஸ்ட்டில் ருபியோன் என்ற கல்லில் துளைத்தது. எல்லாம் சரியாக நடந்ததாகவே ரோவர் சொன்னது. குழாயைப் பார்த்தால் வெறுமை. உள்ளே கமராவை விட்டுப் பார்த்தார்கள், தரையில் தேடினார்கள், கல் இல்லை. கடைசியில், அந்தப் பாறை உள்ளுக்குள் உக்கியிருந்தது, துளைக்கத் துளைக்க மாவாகிப் போனது என்று முடிவு வந்தது. அடுத்த மாதம் ரொஷெட் என்ற இறுக்கமான கல்லைத் தெரிந்தெடுத்து இரண்டு துண்டு எடுத்தார்கள். அந்த வெற்றுக் குழாயையும் வீசவில்லை; உள்ளே செவ்வாயின் காற்று அடைபட்டிருக்கிறது, அதுவே ஒரு ஆய்வு மாதிரிதான்.

"கல்லுக்கெல்லாம் யார் பேர் வைக்கிறது?"

ரோவர்க் குழுவினர்தான். பெரிய பள்ளங்களுக்குத்தான் சர்வதேச வானியல் சங்கம் பெயர் வைக்கும். சின்னக் கல்லுக்கெல்லாம் அவர்கள் வேலைக்காக வைக்கிற செல்லப்பெயர். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பூமியில் ஒரு தேசியப் பூங்காவைத் தெரிந்தெடுத்து, அங்குள்ள இடங்களின் பெயர்களை வைப்பார்கள். 1997இல் செவ்வாயில் ஓடிய முதல் ரோவரின் காலத்தில் கார்ட்டூன் பெயர்கள். யோகி என்று ஒரு கரடிக் கல் இருந்தது. கியூரியோசிட்டி இறங்கிச் சில நாட்களில் இறந்துபோன பொறியியலாளர் ஜேக் மாட்டியேவிக்கின் பெயரும் ஒரு கல்லுக்கு உண்டு.

"செவ்வாய் சிவப்பு எண்டுதானே சொல்றது, இந்தப் படம் சாம்பலா இருக்கே. கலர் இங்க் முடிஞ்சிட்டா?"

இங்க் இருக்கிறது. சிவப்பு வெறும் தூசிதான். இரும்பு ஒட்சைட்டு, நம் கிரவல் ரோட்டுச் சிவப்புக்கும் அதுவே காரணம். வெள்ளை மோட்டார்சைக்கிள் எடுத்துக்கொண்டு கோடையில் கிரவல் ரோட்டால் போய் வந்தவர்களுக்கு விளங்கும். கியூரியோசிட்டி 2013 பெப்ரவரியில் முதன்முதலாகச் சேற்றுப் பாறையைத் துளைத்தபோது வந்த தூள் சாம்பல் நிறம்.

இன்னொன்று, சில படங்களைப் பூமி வெளிச்சத்தில் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி நிறம் சரிசெய்து வெளியிடுகிறார்கள். பாறை படிக்கிறவர்களின் கண் பூமி வெளிச்சத்துக்குப் பழகியது, அதற்காக. ஏமாற்று இல்லை, படத்தின் கீழே எழுதியிருப்பார்கள். சிவப்பான இடத்தில் உண்மையில் நீலமாக இருப்பது அந்தி வானம். சூரியன் விழும் பக்கத்தில் நீல வெளிச்சம் தெரியும், நமக்கு நேர் எதிர்.

"காக்கா, அங்க கதவு ஒண்டு இருந்திச்சே, அத ஏன் மறைக்கிறாங்க?"

காத்தான்குடியிலிருந்து வரும் ஒரு தம்பி கேட்டது; அவர்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். மறைக்கவில்லை, அந்தப் படத்தை வெளியிட்டதே அவர்கள்தான். 2022 மே மாதம் கியூரியோசிட்டி எடுத்தது. பாறை வெடித்து உடைந்த ஒரு சந்து. வட்ஸ்அப்பில் பார்த்தால் ஆள் குனிந்து உள்ளே போகலாம் போல இருக்கும். உண்மையான உயரம் 30 சென்ரிமீற்றர் அளவு. ஒரு பூனை போகலாம்.

கண்ணின் வேலை அது. நம் குடும்பிமலையை எடுங்கள். தமிழில் அதற்குக் குடும்பி, சிங்களத்தில் தொப்பி. ஒரே கல்லில் ஒருவருக்கு முடிச்சும் மற்றவருக்குத் தொப்பியும் தெரிந்திருக்கிறது. செவ்வாய்க் கல்லில் கதவு தெரிவதற்கு என்ன குறை? அடுத்த தடவை இப்படி ஒன்று வந்தால் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை சென்ரிமீற்றர்?" என்பதை.

"உயிர் கண்டுபிடிச்சிட்டாங்களாமே! பேப்பர்ல போட்டிருந்தான்."

கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தது ஒரு கல். அதைப் பற்றி நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதுவரை கதவில் ஒட்டினதில் என் கண்ணுக்கு மிகச் சிறந்த கல் அதுதான்.

2024 ஜூலையில் வாவிக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய ஆற்றின் ஓரத்தில் பெர்சிவரன்ஸ் நின்றது. செயாவா ஃபோல்ஸ் என்று பெயர் வைத்த கல், ஒரு மீற்றர் நீளம் வரும். வெள்ளை நரம்புகள் ஓடும், நடுவில் செம்மண் நிறம். அந்தச் சிவப்பில் மில்லிமீற்றர் அளவுப் புள்ளிகள்: உள்ளே வெளிறல், சுற்றிக் கறுப்பு விளிம்பு. சிறுத்தைப் புள்ளி என்றே அழைக்கிறார்கள். அவற்றில் விவியனைட்டு என்ற இரும்புப் பொசுபேற்றும் கிரீகைட்டு என்ற இரும்புச் சல்பைட்டும் இருப்பது போல் தெரிகிறது. கல்லில் சேதனப் பொருளும் உண்டு.

நம் கண்டல் மரங்களுக்கு நடுவே காலை வைத்தால் கறுப்புச் சேறும் அழுகிய முட்டை மணமும் வருமே, அது காற்றுப் படாத சேற்றில் நுண்ணுயிர்கள் சல்பேற்றைத் தின்று வாழ்வதால் வருவது. பூமியில் இந்தக் கனிமங்கள் இரண்டும் பல வேளைகளில் அப்படிப்பட்ட சேற்றில்தான், நுண்ணுயிர்களின் வேலையால் உண்டாகின்றன. ஆனால் உயிரே இல்லாமலும் உண்டாகலாம். 2025 செப்டெம்பரில் நேச்சர் இதழில் வந்த கட்டுரை இதைச் "சாத்தியமான உயிர்ச்சான்று" என்று மட்டும்தான் சொல்கிறது. அதாவது உயிர் காரணமாக இருக்கலாம், ஆனால் முடிவு சொல்ல இன்னும் தரவு வேண்டும். பேப்பரில் தலைப்பு எழுதினவர் "இருக்கலாம்" என்ற சொல்லுக்கு இடம் இல்லை என்று விட்டிருப்பார். அந்தக் கல்லிலிருந்து எடுத்த துண்டு குழாய்க்குள், ரோவரிடமே பத்திரமாக இருக்கிறது.

"தேங்காய் எண்ணெய் இருக்காமே செவ்வாயில?"

இந்தக் கதை என் வாயிலிருந்து கிளம்பியதுதான், தப்பு என்னுடையது. 2025 மார்ச்சில் கியூரியோசிட்டிக் குழு ஒரு செய்தி வெளியிட்டது: ஒரு சேற்றுப் பாறைத் தூளில் 10, 11, 12 காபன் கொண்ட நீளச் சங்கிலி மூலக்கூறுகள் இருக்கின்றன; அவை கொழுப்பமிலங்களின் உடைசலாக இருக்கக்கூடும். 12 காபன் கொழுப்பமிலம் என்றால் லோரிக் அமிலம், தேங்காய் எண்ணெயில் பாதி அளவுக்கு இருப்பது. ஒரு உயர்தர மாணவிக்கு விளங்கட்டும் என்று சொன்னேன். மறு கிழமை மீன் சந்தையில் "செவ்வாயில தேங்காய் எண்ணெயாம்". கொழுப்பமிலம் உயிரில்லாமலும் உண்டாகும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அது சந்தை வரைக்கும் போகவில்லை.

அந்தத் தூள் எடுத்தது 2013இல். செய்தி வந்தது 2025இல். பன்னிரண்டு வருடம். ஒவ்வொரு நாளும் "இண்டைக்கு என்ன புதுசு?" என்று கேட்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

"அந்தக் குழாயெல்லாம் எப்ப இஞ்ச வரும்?"

தெளிவான தேதி இல்லை. பத்துக் குழாய்களை 2022 டிசம்பர் முதல் 2023 ஜனவரி வரை ஒரு சமதரையில், ஒன்றுக்கொன்று தள்ளி, தரையில் போட்டு வைத்திருக்கிறார்கள். ரோவர் பழுதானாலும் அவை மிஞ்சும் என்று. போய் எடுத்துவரும் திட்டம்தான் சிக்கல். செலவு 1,100 கோடி டொலர் வரை போகும், 2040 வரை இழுக்கும் என்று கணக்கு வந்ததும், 2024 ஏப்ரலில் நாசா தலைவரே இது சரிவராது, வேறு வழி பார்க்க வேண்டும் என்றார். அதன் பிறகு இழுபறிதான். சீனா 2028 வாக்கில் தன் பங்குக்கு ஒரு கலம் அனுப்பிச் செவ்வாய் மண் கொண்டுவரத் திட்டம் வைத்திருக்கிறது.

"செவ்வாய்க் கல்லு ஏற்கனவே பூமியில விழுந்திருக்கு எண்டு எங்கட சேர் சொன்னார். பிறகு ஏன் அவ்வளவு காசு?"

சேர் சொன்னது சரி. 1865இல் இந்தியாவில் பீகாரின் ஷெர்கோட்டியில் ஒன்று விழுந்தது. அந்த வகைக் கற்களுக்கே அந்த ஊரின் பெயர்தான். செவ்வாயில் பெரிய மோதல் நடக்கும்போது தெறித்து, அலைந்து, இங்கே வந்து சேர்ந்தவை. சிலவற்றுக்குள் அடைபட்டிருந்த வாயு, செவ்வாயின் காற்றை அளந்த வைக்கிங் கலங்களின் கணக்கோடு ஒத்துப்போனதால்தான் ஆளைக் கண்டுபிடித்தார்கள். 2025 ஜூலையில் 24 கிலோவுக்கு மேற்பட்ட ஒரு செவ்வாய்க் கல் நியூயோர்க்கில் 53 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது.

மேலே சொன்ன முகவரி இங்கேதான் வேலைக்கு வருகிறது. விழுந்த கல் செவ்வாயில் எந்தப் பள்ளத்தில், எந்த அடுக்கில் இருந்தது என்று அதனிடம் கேட்க முடியாது. அதோடு, அந்த அதிர்ச்சியையும் பயணத்தையும் தாங்குவது பெரும்பாலும் இறுகிய தீப்பாறை. வாவிச் சேற்றுப் பாறை அப்படி வந்து சேராது. நமக்கு வேண்டியதோ சேறு.

சரி, வயலில் கிடந்த கறுப்புக் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: காந்தம் ஒட்டினால் மட்டும் விண்கல் ஆகாது. புல்மோட்டை மணலும் காந்தத்துக்கு இழுபடும்.

"எங்கட பக்கமே எத்தனை மலை. கல்லுப் பார்க்க அங்க போகணுமா?"

நம் பக்கத்து மலைகள் பெரும்பாலும் உருமாறிய பாறை. ஆழத்தில் வெந்து, அழுந்தி, மேலே வந்தவை. வயது 100 கோடி ஆண்டு அளவு. வெந்த பாறையில் பழைய எழுத்து அழிந்துவிடும். 350 கோடி ஆண்டுக்கு முந்திய சேறு பூமியில் மிச்சம் இருப்பதே அபூர்வம். கண்டத்தட்டுகள் நகர்ந்து நகர்ந்து அரைத்து முடித்துவிட்டன. செவ்வாயில் அந்த அரைப்பு இல்லை. உயிர் தொடங்கிய காலத்துச் சேறு அங்கே படிந்தபடி கிடக்கிறது.

"நம்மட நாட்டு ஆக்கள் ஆரும் இதில இருந்திருக்காங்களா?"

வேற்றுலகக் கல், மண் என்று பார்த்தால் காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும. நாசாவில் இருந்தவர், அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த நிலா மண்ணில் சேதனப் பொருள் இருக்கிறதா என்று ஆராய்ந்தவர்.

"நானும் பார்க்கலாமா? டேட்டா கன போகுமா?"

தாராளமாக. ரோவர் அனுப்பும் மூலப் படங்களை நாசா தன் இணையத்தளத்தில் உடனுக்குடன் போடுகிறது, காசில்லை. ரோவரைத் தெரிவுசெய்து, சொல் (sol) எண்ணைத் தெரிவுசெய்து, கமராவைத் தெரிவுசெய்தால் போதும். சொல் என்றால் செவ்வாயின் ஒரு நாள், 24 மணி 39 நிமிடம் 35 செக்கன். இறங்கிய நாள் 0. சின்னப் படங்களாக முதலில் வரும். பிடித்ததை மட்டும் திறந்தால் டேட்டா மிஞ்சும். கியூரியோசிட்டியின் வழிகாட்டும் கமரா கறுப்பு வெள்ளை, பெர்சிவரன்ஸில் கலர். வெறும் மண்ணும் சில்லுமாக நூறு படம் வரும், சலிக்கும். அப்புறம் திடீரென்று ஒன்று வரும்: 2024 மே கடைசியில் கியூரியோசிட்டியின் சில்லு ஏறி உடைந்த ஒரு கல்லுக்குள் மஞ்சள் பளிங்கு, சுத்தமான கந்தகம். யாரும் அதைத் தேடிப் போகவில்லை.

சொல் எண் இல்லாத படத்தை நம்பாதீர்கள். நானே ஒரு தடவை "செவ்வாயில் ஆறு" என்று பேஸ்புக்கில் வந்ததைப் பிரிண்ட் எடுத்து ஒட்டிவிட்டேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கொப்பி எடுக்க வந்து, "அண்ணன், கரையில புல்லு நிக்குது" என்றாள். கிழித்தேன்.

"கல்லடிப் பாலத்தில நிண்டா செவ்வாய் தெரியுமா? ஆகஸ்ட் 27 நிலா மாதிரி வருமாமே?"

நிலா மாதிரி என்றைக்கும் வராது. 2003 ஆகஸ்ட் 27 செவ்வாய் மிகக் கிட்ட வந்தது. அப்போதும் அதன் அகலம் நிலாவில் எழுபதில் ஒரு பங்கு. அந்த ஆண்டுக் கதை வருடா வருடம் போனில் சுற்றுகிறது. செம்மஞ்சளாக, மின்னாமல் நிற்கும் நட்சத்திரம் மாதிரித் தெரியும். 26 மாதத்துக்கு ஒரு தடவை பிரகாசமாக வரும், அடுத்தது 2027 பெப்ரவரி. அந்த நாட்களில் பொழுது பட்டதும் கடல் பக்கம் எழும்பும், ஆகவே பாலத்தை விடக் கடற்கரை நல்லது.

"மகளுக்குச் செவ்வாய் தோஷம் தம்பி. இவனுகள் போய்த் துளை போடுறதால கூடுமா, குறையுமா?"

சாதகம் கொப்பி எடுக்க வந்த ஒரு அக்கா உண்மையாகவே கேட்டார். துளை 6 சென்ரிமீற்றர். செவ்வாயின் விட்டம் 6,800 கிலோமீற்றருக்குக் கிட்ட. அதற்குத் தெரியவே தெரியாது என்றேன். மற்றதை ஜோசியரிடம்தான் கேட்க வேண்டும்.

"மாமா, ரோவருக்கும் செருப்புக்குள்ள கல்லுப் போகுமா?"

போனது. 2022 பெப்ரவரியில் பெர்சிவரன்ஸின் முன் இடது சில்லுக்குள் ஒரு கல் ஏறிக்கொண்டது. உதறக் கையும் எட்டாது, காலும் தூக்க முடியாது. ஓட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை என்று அப்படியே விட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல், படத்துக்குப் படம் சில்லுக்குள் உருண்டுகொண்டே வந்தது; நான் அதை மட்டும் மூன்று தடவை கதவில் ஒட்டினேன். பிறகு ஒரு நாள் பார்த்தால் சில்லு வெறுமை. அது இப்போது தன் ஊரிலிருந்து பல கிலோமீற்றர் தள்ளி, தனக்குச் சொந்தமில்லாத கற்களுக்கு நடுவில் கிடக்கிறது. எப்போதோ ஒரு காலத்தில் அதைக் குனிந்து எடுத்துப் பார்க்கப்போகிற பாறை ஆராய்ச்சியாளர் தலையைச் சொறியப் போகிறார்.